வாசகரிடம் கதை கேட்கும்போது: நூலக ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருகோணமலையில் நூலகத்துறை படிக்கும் மூன்று பிள்ளைகள், தாங்கள் சேகரித்த வாசகர் கதைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நூலகத்தால் ஊருக்கு என்ன பயன் என்பதை வாசகர்களின் அனுபவங்களைக் கொண்டே எடுத்துக்காட்டும் ஆய்வு. மொத்தம் பதினெட்டுக் கதைகள். ஆறாவது கதைக்கு வந்ததும் எனக்கு மனம் கனத்துப் போனது. பல வருசத்துக்கு முன்னால் நான் விட்ட அதே பிழை, கிட்டத்தட்ட அதே சொற்களில் அங்கே இருந்தது.

எழுத்துப்பிழை, பாதிப் பேச்சில் போனில் சார்ஜ் முடிவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் அவை தானாகத் திருந்திவிடும்.

நூலகத்தைக் கதாநாயகனாக்குவது

அப்போது நான் வேலை செய்த நூலகத்துக்கு உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி வருவாள். நாலு மணிக்கு உசாத்துணைப் பகுதியில் வந்து இருந்தால் பூட்டும்வரை எழும்ப மாட்டாள். பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் இனிப்போடு வந்து நின்றாள். நாங்கள் அந்த நேரம் வாசிப்பு அறையைப் பெருப்பிக்கப் பணம் கேட்டு ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தோம். கையில் முப்பது கதைகள் இருந்தன. இவளுடைய கதையை முதலாவதாகப் போட முடிவு செய்தேன்.

நான் அவளிடம் கேட்ட கேள்வி இதுதான்: “நூலகம் உம்மட வாழ்க்கையை எப்படி மாத்தினது?” இனிப்புக் கொண்டுவந்த பிள்ளை அதற்கு வேறு என்ன சொல்வாள்? என் மனம் குளிரும்படி சொன்னாள். அதை நான் இன்னும் கொஞ்சம் மினுக்கி, “இந்த நூலகம் இல்லாவிட்டால் இவள் பல்கலைக்கழகத்தை எட்டியிருக்க மாட்டாள்” என்று முடித்தேன்.

கூட்டத்தில் அறிக்கையை வாசித்தபோது ஓர் உறுப்பினர் இடையில் மறித்தார். அந்தக் குடும்பத்தை அவருக்குத் தெரியும். பிள்ளை இரண்டு வருசம் ரியூசனுக்குப் போனதும் தெரியும். “அப்ப ரியூசன் மாஸ்டர் ஒண்டும் செய்யேல்லையா? மற்றக் கதையளும் இப்பிடித்தானா?” என்று கேட்டார். மற்ற இருபத்தொன்பதும் நேர்மையான கதைகள். ஆனால் அதற்குப் பிறகு அவற்றைக் கேட்க ஒருவரும் ஆயத்தமாக இல்லை. வாசிப்பு அறைக்கான பணமும் அந்த வருசம் வரவில்லை.

அடுத்த கிழமை அவளுடைய அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. “மிஸ், நான் விடிய மூண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சுக் கடைக்குக் குடுத்துத்தான் ரியூசன் காசு கட்டினனான். அது ஒரு வரியிலயும் இல்லையே” என்றார். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

பிறகு மகளோடு ஆறுதலாக இருந்து கதைத்தேன். இந்தத் தடவை, “இங்க வந்த ஒரு நாளைச் சொல்லும். எத்தினை மணிக்கு வந்தனீர், எங்க இருந்தனீர், என்ன எடுத்தனீர்?” என்று மட்டும் கேட்டேன். வீட்டில் ஒரே அறை. தம்பிமார் இரண்டு பேர். பின்னேரமானால் மா வறுக்கிற புகையும் ரிவிச் சத்தமும். இங்கே ஜன்னலோரம் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை. ஆண்டுவாரியாகக் கட்டி வைத்த கடந்தகால வினாத்தாள்கள். பூட்டுவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில், “தங்கச்சி, பஸ் போகப்போகுது” என்று வந்து சொல்லும் நூலக உதவியாளர் அக்கா. அந்த வருசம் முழுக்க அவள் ஒரு புத்தகம்கூட இரவல் எடுக்கவில்லை.

அதாவது, எங்கள் இரவல் பதிவேட்டில் அந்தப் பிள்ளை பூச்சியம். நாள் தவறாமல் வந்து இருந்தவள் கணக்கில் இல்லவே இல்லை. பதிவேட்டில் விழாததைக் காட்டத்தானே நாங்கள் கதையைத் தேடிப் போகிறோம்! அந்த மேசையையும் மின்விசிறியையும் அப்படியே எழுதியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது. வாசிப்பு அறைக்குப் பணம் கேட்க அதைவிட நல்ல ஆதாரமும் இல்லை. கையில் இருந்ததை விட்டுவிட்டு, இல்லாததை எழுதினேன்.

இப்போது நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது இது. எழுதி முடித்ததும் ‘நூலகத்தால்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘நூலகத்தில்’ என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். ‘நூலகத்தால் சித்தியடைந்தாள்’ என்பது உங்கள் ஊகம். ‘நூலகத்தில் இருந்து படித்தாள்’ என்பது நடந்தது. அப்புறம், அபிப்பிராயம் கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள். ஜோன் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954 இல் விளக்கி எழுதிய முறையின் அடிப்படை அதுதான். இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை அது, நூலக ஆய்வுக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

கதையைத் தனியே விடவும் கூடாது. நூலகங்களின் தாக்கத்தை மதிப்பிடுவதற்கென்று 2014 இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 16439 தரம், புள்ளிவிவரங்களிலிருந்து ஊகித்தறிவது, வாசகரிடம் கேட்டுப் பெறுவது, நேரில் கவனித்து அறிவது என்று சான்றுகளைப் பிரிக்கிறது. அந்தப் பிள்ளையின் கதைக்குப் பக்கத்தில், இரண்டு கிழமைக்குத் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு எத்தனை கதிரைகள் நிரம்பியிருந்தன என்று எண்ணிப் போட்டிருந்தால் போதும். செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனையும்.

எடுத்த எடுப்பில் யாழ்ப்பாணம்

மூன்று பிள்ளைகளின் முன்னுரையும் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோன ஏறக்குறைய 97,000 நூல்களோடுதான் தொடங்கியது. அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் அது அங்கே எதை இழந்தோம் என்று சொல்கிறது. போன செவ்வாய்க்கிழமை உங்கள் நூலகத்தில் என்ன நடந்தது என்று சொல்லாது.

அழுகையைத் தேடிப் போவது

எங்கள் மாவட்டத்தில் இது பெரிய சோதனை. மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று எங்கே போனாலும் சுனாமியையும் இடப்பெயர்வையும் சொல்லிச் சொல்லிக் களைத்த மனிதர்கள். கையில் கோப்போடு யார் வந்தாலும் அதைத்தான் கேட்கப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கிண்ணியாவில் ஒரு பெரியவர், நான் கேட்காமலே 2004 ஐப் பத்து நிமிடத்தில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். எத்தனையோ தடவை சொன்ன கதை, ஒரு சொல் இடறவில்லை. பிறகு, “நூலகத்துக்கு வந்தா முதல்ல எந்தப் பேப்பரை எடுப்பீங்க?” என்று கேட்டேன். நிமிர்ந்து இருந்தார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

பேச்சைக் கட்டுரையாக்குவது

அவர் சொன்னது: “பேப்பர் பார்க்க வாறது.” அதை ‘நாளிதழ்களை வாசிக்கும் பொருட்டு வருகை தருகின்றேன்’ என்று மாற்றினால் அந்த மனிதர் போய்விட்டார்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது

போதாது. ‘உவர்மலை, தகப்பன் கடல் தொழில், மூத்த மகள் தாதி’ என்று எழுதினால் பஸ் நிலையத்தில் நிற்கும் பாதிப் பேருக்கு அது யாரென்று விளங்கிவிடும். எந்த விவரம் இல்லாமல் கதை நிற்காதோ அதை மட்டும் வையுங்கள். அதையும் கேட்டுவிட்டு வையுங்கள்.

சிறந்த கதையைத் தனியாளாகத் தெரிவுசெய்வது

உங்களுக்குப் பிடித்த கதைதான் மேலே வரும். 1990களில் பங்களாதேசில் ரிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் உருவாக்கிய முறையில், பலர் கூடியிருந்து கதைகளை வாசித்து, எந்த மாற்றம் முக்கியமானது என்று பேசித் தெரிவுசெய்கிறார்கள். ஏன் அதைத் தெரிவுசெய்தோம் என்பதையும் எழுதி வைக்கிறார்கள். உதவியாளர், காவலாளி, இரண்டு வாசகர்கள் இருந்தாலே போதும்.

வருகிறவர்களிடம் மட்டும் கேட்பது

அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவரையும் தேடிப் போங்கள்.

வாசித்துக் காட்டாமல் அனுப்புவது

கிண்ணியாப் பெரியவரின் கதையை எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அவர் நூலகத்துக்கு வருவது சுலபமாகி, அடிக்கடி வந்தார் என்று எழுதியிருந்தேன். அவர் சொல்லாததை நானே நிரப்பியிருந்தேன். “இல்ல மகள்” என்று நிறுத்தினார். “பாலம் வந்த பிறகுதான் வாறது குறைஞ்ச. முந்தி படகுப்பாதையில கூட்டாளிமார் நாலு பேராச் சேர்ந்து கதைச்சுக் கதைச்சுத்தான் வருவம். பஸ்ல தனிய வந்து என்ன செய்யிற?”

அந்த வரியை வெட்டிவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன்.