ஐந்து பேட்ச்சாக வரும் கர்னல் மாற்றத்தை வாசிப்பது எப்படி

ஹட்டனில் என்னிடம் லினக்ஸ் கர்னல் (இயக்குதளத்தின் மையப் பகுதி) பழக வரும் பிள்ளைகள், ஒரு தொடராக வரும் ஐந்து பேட்ச்சையும், அதாவது ஐந்து சிறு கோட் மாற்றங்களையும், ஒரேயடியாக ஏற்றிவிட்டு, கடைசியில் கோட் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். தம்பி, தங்கச்சி, அது போதாது. ஒவ்வொரு பேட்ச்சும் அதுவரைக்கும் கம்பைல் ஆக வேண்டும், ஓடவும் வேண்டும். நாளைக்கு ஒருவர் பிழை தேடி கிட் பைசெக்ட் (எந்த மாற்றத்தில் பிழை வந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) போட்டால், அது தொடரின் நடுவிலும் போய் நிற்கும். அந்த இடத்தில் கர்னல் பூட் ஆகாவிட்டால் அவருடைய தேடலே குழம்பிப்போகும்.

இங்கே மழை பிடித்தால் இணைப்பும் போகும், கரண்டும் போகும். அதனால் மின்னஞ்சலில் வரும் பேட்ச்சுகளை இறக்கும் பி4 கருவியால் முழுத் தொடரையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 0/5 என்று வரும் முகப்புக் கடிதத்தைப் படியுங்கள். என்ன பிரச்சினை, ஏன் இந்த வழி என்பது அதில் விளங்காவிட்டால், கோடுக்குள் இறங்குமுன் அதைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் 1/5இலிருந்து வரிசையாக. நான் அதிகம் நிற்பது பிழைப் பாதைகளில். 2/5இல் ஒரு ஃபங்ஷன் மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பூட்டுகிறது, நினைவகம் கேட்கிறது, கிடைக்காவிட்டால் நேரே ரிட்டர்ன் ஆகிறது. பூட்டு திறக்கப்படவில்லை. 4/5 வந்து அந்த இடத்தில் பூட்டைத் திறக்கும் வரிக்குத் தாவும் ஒரு கோட்டூ போட்டுச் சரிசெய்கிறது. மொத்தமாகப் பார்த்தவர் கண்ணில் இது படவே படாது. “இந்தத் திருத்தம் 2/5க்குள்ளேயே இருக்கட்டும்” என்று காரணத்தோடு எழுதுங்கள். ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் வகைப் பூட்டு) பிடித்திருக்கும்போது ஜிஎஃப்பி_கர்னல் கொடியோடு நினைவகம் கேட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தக் கோரிக்கை நினைவகம் கிடைக்கும்வரை தூங்கக்கூடும், அங்கே தூங்கவே கூடாது.

கம்பைல் சோதனையைக் கையால் செய்ய வேண்டாம். கிட் ரீபேஸுக்கு எக்ஸெக் விருப்பத்தில் மேக் கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் அது ஓடும், உடையும் இடத்தில் நிற்கும். பழைய லேப்டாப் என்றால் ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். இடைவெளி, வரி நீளம் போன்றவற்றை கர்னலோடு வரும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் பதிப்பு வந்தால் கிட் ரேஞ்ச்-டிஃப் போடுங்கள். எந்தப் பேட்ச்சில் என்ன மாறியது என்று காட்டும். நீங்கள் கேட்காத இடத்தில் ஏதும் மாறியிருந்தால் அதை முதலில் வாசியுங்கள்.

‘வாசித்தேன், சரி’ என்று உங்கள் பெயரோடு சொல்லும் ரிவியூட்-பை வரியை உண்மையிலேயே வாசித்த பேட்ச்சுகளுக்கு மட்டும் கொடுங்கள். மூன்றை வாசித்திருந்தால் மூன்றுக்கு. வன்பொருளில் ஓட்டியும் பார்த்திருந்தால், அதற்கு டெஸ்டட்-பை தனியாக இருக்கிறது.