கியூவின் அடியில் எக்ஸ்டென்ஷன் ஜாயிண்ட் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், நம் கையில் இருக்கும் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், பெரும்பாலும் 57 அல்லது 58 அங்குலம்தான். வெள்ளைப் பந்து மேசையின் நடுவில் போய் நின்றுகொண்டால் ரெஸ்ட் (கியூவைத் தாங்கும் கோல்) வைத்தாலும் போதாது, பட் (கியூவின் தடித்த பின்முனை) நம் பின்கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அதற்காகத்தான் பட்டின் அடியில் துளையிட்டு ஒரு பித்தளை ஜாயிண்ட் பதித்து, தேவைப்படும்போது மினி பட் என்ற குட்டி நீட்டிப்பையோ நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்றையோ திருகிக்கொள்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் துளை போட்ட பிறகு பழைய கியூ திரும்பக் கிடைக்காது, அதனால் முன்கூட்டியே யோசித்துவிடுவது நல்லது.

எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை கிராம் கூடும்?" என்றுதான். கூடவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, அந்த எடை எந்த இடத்தில் கூடுகிறது என்பது. பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம் இருக்கும். துளையிடும்போது வெளியே வரும் மரம், கருங்காலியாகவே இருந்தாலும், அதே கன அளவுக்கு 1 கிராமை ஒட்டித்தான் இருக்கும், ஆஷ் மரம் அதைவிட லேசு. ஆக எடுத்ததைவிட வைத்தது எப்போதும் கனம். அந்தக் கனம் கியூவின் கடைக்கோடியில் போய் உட்காருகிறது என்பதுதான் விஷயமே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 கிராம் கியூ, பேலன்ஸ் பாயிண்ட் (கியூ எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்) பட்டின் அடியிலிருந்து 17 அங்குலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 20 கிராம் கூடினால் பேலன்ஸ் பாயிண்ட் 0.6 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் நகரும். எடை நான்கு சதவீதம்தான் கூடியிருக்கிறது, ஆனாலும் கியூவைக் கையில் எடுத்ததுமே டிப் (பந்தைத் தொடும் நுனி) பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்வது போலிருக்கும். சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்கு அது கடைசிவரை உறுத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் எந்த ரகம் என்று துளை போட்ட பிறகு தெரிந்து என்ன பயன்?

இதற்குச் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது, ஏனோ பலரும் செய்வதில்லை. ஜாயிண்ட் போட்டால் நிகரமாக எத்தனை கிராம் கூடும் என்று கியூ செய்பவரிடம் கேளுங்கள். அதே எடைக்கு நாணயங்களையோ ஈயத் துண்டையோ பட்டின் அடியில் டேப்பால் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு சில வாரம் ஆடிப் பாருங்கள். தூர ஷாட்டுகளும் மெதுவாகத் தட்டும் ஷாட்டுகளும் வழக்கம்போல வருகின்றன என்றால் தாராளமாகப் போடலாம். அப்படியே இப்போதைய எடையையும் பேலன்ஸ் பாயிண்டையும் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கியூவை ஓர் அளவுகோலின் விளிம்பில் படுக்க வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதும். இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் "முன்ன மாதிரி இல்லை" என்று பிறகு சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது, உள்ளே இருக்கும் ஈயத்தை மறந்துவிடுவது. பல கியூக்களில் எடைக்காகப் பட்டுக்குள் ஈயம் வைத்திருப்பார்கள், வெளியே பார்த்தால் தெரியாது. அது தெரியாமல் துளையிட்டால் டிரில் அதில் முட்டி விலகிப் போகும். தெரிந்து செய்தால் இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: ஈயத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பித்தளையை வைத்தால் எடையும் பேலன்ஸும் ஏறக்குறைய பழையபடியே நிற்கும். அதனால் கியூவைக் கொடுக்கும்போது "ஒரு ஜாயிண்ட் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாமல், முடிவில் என்ன எடை, எங்கே பேலன்ஸ் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே கை டிரில்லால் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். துளை ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் 6 அங்குல மினி பட்டின் நுனி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும், 24 அங்குல எக்ஸ்டென்ஷன் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். மேசையில் உருட்டிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கியூ ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து போகிற பொருள், அதை லேத்தில் நடு மையம் பிசகாமல் பிடிப்பதற்கே அனுபவம் வேண்டும். அதோடு துளையைச் சுற்றி மீதமிருக்கும் மரம் மெல்லியதாகிவிட்டால் என்றாவது ஒருநாள் விரிசல் விடும்.

சரி, ஜாயிண்ட் போட்டாயிற்று. இப்போது தவறிய ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதன் மேல் பழி! "சைடு போட்டால் பந்து முன்பைவிட விலகிப் போகுது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சைடு போடும்போது (வெள்ளைப் பந்தை நடுவில் அடிக்காமல் பக்கவாட்டில் அடிக்கும்போது) அது விலகுவது கியூவின் முன்பக்க எடையைப் பொறுத்தது, அதாவது டிப்பை ஒட்டிய சில அங்குலங்கள். பிடித்திருக்கும் கைக்கும் பின்னால் இருக்கும் பித்தளை அதை மாற்றாது. பேலன்ஸ் மாறியதால் உங்கள் வீச்சு மாறியிருக்கலாம், அது வேறு கதை. ஆனால் அடிக்கும்போது ர்ர்ர் என்று ஓர் அதிர்வோ டிக் என்ற சத்தமோ கேட்டால் அலட்சியம் வேண்டாம். முதலில் ஜாயிண்ட்டை மூடும் திருகு மூடி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் அதுதான் காரணம். மூடி இறுக்கமாக இருந்தும் சத்தம் வந்தால் உள்ளே பசை விட்டிருக்கலாம், எடுத்து மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.

முழு நீள ஒற்றைக் கியூ வைத்திருப்பவர்கள் செய்கிற குழப்பம் ஒன்று உண்டு. எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்று போய், பேச்சோடு பேச்சாகக் கியூவையே முக்கால் ஜாயிண்ட்டாக, அதாவது டிப்பிலிருந்து முக்கால் நீளத்தில் இரண்டாகப் பிரிகிற மாதிரி, வெட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. முக்கால் ஜாயிண்ட்டின் பித்தளை பேலன்ஸ் பாயிண்டுக்கு அருகிலேயே உட்காருவதால் மொத்த எடை கூடுமே தவிர பேலன்ஸ் பெரிதாக நகராது. ஆனால் டிப்பிலிருந்து பின்கைக்கு வரும் அதிர்வு இப்போது ஓர் உலோக இணைப்பைத் தாண்டி வருகிறது, அடி கையில் உணரப்படும் விதமே மாறலாம். தூக்கிச் செல்லச் சிறிய பெட்டி வேண்டும் என்றால் வெட்டுவதில் நியாயம் இருக்கிறது. நீளம் மட்டும் போதும் என்றால் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மரை விஷயமும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஜாயிண்ட்டுக்கும் பொதுவான ஒரே மரை அளவு கிடையாது. நண்பருடைய எக்ஸ்டென்ஷன் இரண்டு சுற்று ஏறுகிறதே என்று அழுத்தித் திருகினால் பித்தளை மரை சிதைந்துவிடும். எக்ஸ்டென்ஷனையும் ஜாயிண்ட்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வாங்குங்கள்.

மினி பட்டை எப்போதும் மாட்டியே வைத்து ஆடுவது அடுத்த வம்பு. மேலே சொன்ன அதே 500 கிராம் கியூவில் 6 அங்குலம், 100 கிராம் மினி பட் ஒன்றை மாட்டினால் பேலன்ஸ் பாயிண்ட் 3 அங்குலத்துக்கு மேல் பின்னால் ஓடிவிடும். அதோடு பழகிவிட்டால் கழற்றியதும் கியூ முன்னால் இழுப்பது போலத் தோன்றும். ரொம்ப உயரமானவர்களுக்கு நீளமே தேவை என்றால், அதற்கென்றே நீளமாகச் செய்த கியூவை வாங்குவதுதான் என் கட்சி.

இவ்வளவும் படித்துவிட்டுத் தயக்கம் வந்தால், பட்டின் மேல் சொருகிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் இருக்கவே இருக்கிறது. துளை வேண்டாம், ஜாயிண்ட் வேண்டாம், கழற்றியதும் கியூ பழையபடி. லேசாக ஆடும், பிடிமானம் திருகும் வகை அளவுக்கு வராது. ஆனால் எப்போதாவது ஒருமுறை தேவைப்படுகிறவருக்கு இது தாராளம். உள்ளே தூசி இல்லாமல் துடைத்துவிட்டுச் சொருகுங்கள், இல்லையென்றால் பட்டின் பாலிஷில் கோடு விழும்.