செப்பாங் போகும் காருக்கு ஸ்வே பார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பட்டறைகளில் ட்ராக் டேக்கு (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) கார் தயார் செய்யும் தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை மில்லி பார் போடலாம்?" என்றுதான். ஸ்வே பார் என்பது இடது வலது சக்கரங்களை இணைத்து வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் முறுக்குக் கம்பி; மில்லி என்பது அதன் விட்டம், மில்லிமீட்டரில். முன்னால் கேட்க வேண்டியது வேறு: வளைவில் கார் எந்தப் பக்கம் அடம்பிடிக்கிறது, முன்பக்கமா பின்பக்கமா?

பார் போட்டால் சாய்வு குறையும், அதனால் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கைதான் பெரிய தவறு. வளைவில் வெளிப்பக்க டயர்களுக்கு மாறும் எடையைப் பெரும்பாலும் முடிவு செய்வது காரின் ஈர்ப்பு மைய உயரமும், இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலமும், வளைவை எடுக்கும் வேகமும். பாரால் அந்த மொத்தத்தை அவ்வளவாகக் குறைக்க முடியாது. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கத்தான் முடியும். பங்கு அதிகம் வாங்கும் பக்கம் பிடிப்பை முதலில் விடும். முன்பக்கத்தை இறுக்கினால் மூக்கு வெளியே போகும். பின்பக்கத்தை இறுக்கினால் வால் சுழலப் பார்க்கும். ஆனால் சாய்வு அதிகமாகி டயர் ஓரத்தில் மட்டும் நிற்கிற காருக்குப் பார் உண்மையாகவே உதவும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

22 மில்லியை 24 ஆக்கினால் வெறும் இரண்டு மில்லிதானே என்று நினைக்காதீர்கள். இறுக்கம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். கெட்டிக் கம்பியில் அது சுமார் 40 சதவீத உயர்வு. உள்ளே வெறுமையாக, குழாய் போல இருக்கும் பாரை விட்டத்தை மட்டும் பார்த்து ஒப்பிடுவதும் வீண். பாரின் கையில் லிங்க் (பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குட்டித் தண்டு) மாட்டும் துளையை மாற்றும்போது கையின் நீளம் குறைந்தால் இறுக்கம் கூடும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

முன் சக்கரம் இழுக்கும் சாத்ரியா, மைவி போன்ற காருக்கு முன்னால் தடித்த பார் வேண்டாம். சாதாரண டிஃப்ரென்ஷியல் (இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பாகம்) என்றால் வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்க முன் டயர் வீணாகச் சுற்றும். பின்னால் தடித்த பார் போடுங்கள். உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினாலும் பயப்பட வேண்டியதில்லை.

பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது என்று பார் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இடது வலது இரண்டும் ஒன்றாக இறங்கும்போது பார் வேலையே செய்யாது. அது ஸ்பிரிங், டாம்பர் (ஷாக் அப்சார்பர்) விஷயம். ஸ்பிரிங்கிலும் அடுத்தவர் எண்ணைக் காப்பி அடிக்காதீர்கள். மில்லிக்கு 10 கிலோ ஸ்பிரிங், 0.7 மோஷன் ரேஷியோவில் (சக்கரம் 1 மில்லி அசைந்தால் ஸ்பிரிங் 0.7 மில்லி அசையும் விகிதம்) சக்கரத்தில் 4.9 கிலோதான், 0.7ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும். டாம்பர் ஈடுகொடுக்காவிட்டால் கடினமான ஸ்பிரிங் காரைத் துள்ள வைக்கும்.

லிங்க்கை ஜாக்கில் தொங்கும் காரில் சரிசெய்து முடுக்கினால் பாரில் முன்கூட்டியே முறுக்கு விழலாம். இடது வளைவில் ஒரு மாதிரி, வலதில் இன்னொரு மாதிரி ஓடும். சக்கரம் தரையில் இருக்க, ஓட்டுநர் எடை இருக்கையில் இருக்க, அப்புறம் முடுக்குங்கள்.

சரி, மாற்றிய பிறகு எங்கே பார்ப்பது? செப்பாங் தடத்தின் 2ஆம், 15ஆம் வளைவுகளின் மெதுவான நடுப்பகுதியில் மூக்கு போகிறதா என்று பாருங்கள். 5, 6இல் இடமிருந்து வலம் திரும்பும்போது வால் தாமதிக்கிறதா என்று பாருங்கள். டயர் காற்றழுத்தத்தை முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மதியத்துக்கு மேல் செப்பாங்கில் மழை கொட்டினால், பின் சக்கரம் தள்ளும் காரில் முதலில் தளர்த்த வேண்டியது பின்பக்கப் பார்.