மேசை வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுங்கள்

வீட்டிலிருந்து வேலை என்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது மேசையும் சேரும் தேடுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். சாப்பாட்டு மேசையில் நாலைந்து மாதம் குனிந்து குனிந்து வேலை பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது, சேர்தான் சரியில்லை என்று நானே முடிவுகட்டி, கையிலிருந்த காசையெல்லாம் கொட்டி நல்ல சேராக ஒன்று வாங்கினேன். முதுகுக்குச் சொகுசாகத்தான் இருந்தது. கழுத்து வலி மட்டும் அப்படியே இருந்தது. தப்பு சேரில் இல்லை, லேப்டாப்பில்.

அதனால் நான் சொல்வது, இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இருக்கிற மேசை நாற்காலியை வைத்து ஒரு வாரம் வேலை பாருங்கள், தினமும் வேலை முடிந்து எழுந்திருக்கும்போது எங்கே வலிக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எதை மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தாளே பெரும்பாலும் சொல்லிவிடும். பின்கழுத்து வலித்தால் திரை தாழ்வாக இருக்கிறது. தோள்பட்டை இறுகினால் மேசை உயரமாக இருக்கிறது, தோளைத் தூக்கிக்கொண்டே டைப் அடிக்கிறீர்கள். தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போனால் கால் தரையில் பதியாமல் தொங்குகிறது. மணிக்கட்டு என்றால் கீபோர்டையும் மவுஸையும் பாருங்கள். கண் எரிகிறதென்றால் வெளிச்சம். விரல் மரத்துப்போகிறது, வலி கை முழுக்க இறங்குகிறது என்றால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

முதலில் லேப்டாப். அதில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும், கையை வசதியாக வைத்தால் கழுத்து குனியும், எவ்வளவு விலை கொடுத்து சேர் வாங்கினாலும் இது தீராது. தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிவிட்டு, லேப்டாப்பின் அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி உயர்த்துங்கள் (அடியில் காற்றுப் போகும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்). திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும், கொஞ்சம் கீழே இருந்தாலும் பரவாயில்லை. தூரம் 50லிருந்து 70 செ.மீ., அதாவது கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடுகிற அளவு. பைஃபோகல், ப்ரோக்ரசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி) போடுகிறவர்கள் மட்டும் திரையை இன்னும் இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காக நாள் முழுக்க அண்ணாந்தே இருப்பீர்கள்.

அப்புறம் சேர் உயரம். இங்கேதான் நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், கால் தரையில் படுகிற மாதிரி சேரை இறக்கிக்கொண்டு, அதற்குமேல் மேசையோடு மல்லுக்கட்டுகிறார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் மேசைகள் 72லிருந்து 75 செ.மீ. உயரம் இருக்கும், குள்ளமானவர்களுக்கு அது அதிகம். ஆகவே முழங்கையிலிருந்து தொடங்குங்கள். தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கினால் அது மேசை மட்டத்துக்கு வர வேண்டும், அந்த அளவுக்கு சேரை ஏற்றுங்கள். கால் எட்டவில்லையா, காலுக்கு அடியில் உறுதியான ஒரு பெட்டியைப் போடுங்கள். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும்படி இருக்கட்டும். இடுப்புக்கு மேலே வளைவான இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள், பாதிப் பேருக்குப் புது சேரே தேவைப்படாது என்பது என் கணிப்பு.

கீபோர்டுக்கு அடியில் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்குமே, அவற்றை மடக்கிவிடுங்கள். அவற்றை விரித்து வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மவுஸும் கீபோர்டை ஒட்டியே இருக்கட்டும், எட்டி எட்டிப் பிடித்தால் தோள் போய்விடும்.

நின்றுகொண்டு வேலை பார்க்கும் மேசை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் நாள் முழுக்க நிற்பதும் நல்லதில்லை. அரைமணிக்கொரு தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது செலவில்லாத வழி. சின்ன டம்ளராக வைத்துக்கொண்டால் தானாகவே அடிக்கடி எழுந்திருப்பீர்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பளபளக்கும், வீடியோ காலில் உங்கள் முகம் கரி பூசின மாதிரி தெரியும். எதிரே இருந்தால் கண் கூசும். திரையின் பிரகாசத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், திரை மட்டும் விளக்கு மாதிரி ஒளிர்ந்தால் குறையுங்கள், சாம்பல் பூத்துத் தெரிந்தால் கூட்டுங்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இணையம் விட்டுவிட்டு வருகிறதென்றால் பிளானை மாற்றுவதற்கு முன் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலமாரிக்குள்ளேயோ தரையிலேயோ கிடந்தால் வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். ரூட்டரின் வைஃபையில் பொதுவாக இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டி நன்றாகப் போகும், ஆனால் மெதுவானது, மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது, அதனால் யாராவது உணவைச் சூடாக்கும்போது உங்கள் வீடியோ கால் திணறலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைத் தாண்டத்தான் கஷ்டப்படும். முடிந்தால் ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுங்கள், சாதாரண கேட் 5இ (Cat 5e) வகை நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரைக்கும் விநாடிக்கு 1 கிகாபிட் தாங்கும்.

வீடியோ காலில் உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால் உடனே விலையுயர்ந்த மைக் தேடாதீர்கள். வெறும் சுவரும் வெறும் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன, கனமான திரைச்சீலை, விரிப்பு, புத்தக அலமாரி எதுவானாலும் அதைக் குறைக்கும். வாய்க்கு அருகில் இருக்கும் மலிவான ஹெட்செட், மேசையின் மறுமுனையில் இருக்கும் நல்ல மைக்கைவிடத் தேவலாம்.

மின்சாரம் பற்றி ஒன்றே ஒன்று: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகாதீர்கள், ஹீட்டரையும் அயர்ன் பாக்ஸையும் அதில் போடாதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் வேலை ஓடாமல் இருக்கலாம், அதற்குப் பெரும்பாலும் காரணம் கூட இருப்பவர்கள். வீட்டில் இருக்கிறவன் சும்மாதான் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தோன்றுவதில் தப்பே இல்லை, பார்க்க அப்படித்தான் இருக்கிறது. கதவு உள்ள அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்செட் தலையில் இருந்தால் கூப்பிடக் கூடாது, கழற்றி வைத்திருந்தால் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று. பதிலுக்கு நீங்களும் வேலை முடிந்ததும் அதைக் கழற்ற வேண்டும். நான் மறந்துபோய் அதைத் தலையிலேயே மாட்டிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் மகள் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள், அன்றிலிருந்து அந்த அடையாளத்துக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை, இப்போது வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.