வருகை சமீபம், பிரீமியம் கட்டுங்கள்

நாகர்கோவில் பக்கம் ஆயுள் காப்பீட்டு முகவராகப் பல வருஷம் அலைந்தவன் நான். சபையில் வேதபாட வகுப்பும் எடுக்கிறேன். பாலிசி பேசப் போன வீடுகளில் அடிக்கடி கேட்ட வசனம் ஒன்று உண்டு: “அண்ணாச்சி, வருகை சமீபம். இனி பாலிசி எதுக்கு?”

இயேசு மறுபடியும் வருவார் என்கிற அந்த வருகையை நானும் விசுவாசிக்கிறேன். “உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க” அவர் வருவார் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறவன்தான். அதனால்தான் பிரீமியமும் கட்டுகிறேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்பவர்களுக்கு என் வகுப்பில் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதிக்காரர்கள். இந்த மாதம், இந்த நாள் என்று குறித்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் மாற்கு 13:32-ஐத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். அந்த நாளையும் நாழிகையையும் தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார், பிதா ஒருவரே அறிவார் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அவரே தமக்குத் தெரியாது என்ற தேதி யூடியூப் ஊழியருக்கு எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள். வீடியோவின் கடைசியில் ஜிபே எண் வருகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் வரும்.

இந்தக் கணக்கு இன்று பிறந்ததல்ல. தானியேல் 8:14-ல் வரும் 2,300 நாட்களை வருஷங்களாக எண்ணினார் அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். நம்பியவர்களில் சிலர் விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவராகித் திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் குருவான ஜஸ்டஸ் ஜோசப், 1881-ல் வருகை என்று அறிவித்துத் தனிச் சபையே கண்டார். அவருடைய மலையாளப் பாட்டுகள் இன்றும் கேரளத்தில் பாடப்படுகின்றன. தேதியைத்தான் யாரும் பாடுவதில்லை. 1992 அக்டோபர் 28 என்று சொன்ன தென்கொரியப் போதகர் லீ ஜாங் ரிம், விசுவாசிகளின் பணத்தை ஏமாற்றியதாகச் சிறைக்குப் போனார். அவர் வாங்கி வைத்திருந்த பத்திரங்கள் முதிர்வடைவது அந்தத் தேதிக்கு அப்புறம்! ஒரு முகவனுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே அந்த வீடியோவை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். அனுப்பியது சித்தியாக இருந்தால் குடும்பக் குழுவில் வைத்துச் சண்டை போடாதீர்கள். போனில் கூப்பிட்டு, ஏன் பயந்தார்கள் என்று கேளுங்கள். பல நேரம் பயத்துக்குக் காரணம் வேறாக இருக்கும்: மகனுக்கு வேலை போயிருக்கும், இல்லையென்றால் டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பார்.

அடுத்தது, வாசிக்கிற வரிசை. நம்மில் பலர் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை 13-ஆம் அதிகாரத்தில், மிருகத்தோடு ஆரம்பிக்கிறோம். 2, 3-ஆம் அதிகாரங்களில் ஆரம்பியுங்கள். இன்றைய துருக்கியில் இருந்த 7 சபைகளுக்கு எழுதிய கடிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. எபேசுவிடம் இயேசு, ஆதி அன்பு எங்கே என்று கேட்கிறார். சிமிர்னாவிடம் பாடுகளுக்குப் பயப்படாதே என்கிறார். பணம் இருந்த லவோதிக்கேயாவிடம், நீ குளிருமல்ல அனலுமல்ல, வாந்திபண்ணிப்போடுவேன் என்கிறார். அந்த ஊரில் நான் பாலிசி விற்றிருந்தால் நல்ல கமிஷன் வந்திருக்கும்.

மத்தேயு 24-ஐ வாசிக்கிற நாளில் 25-ஐயும் வாசிக்காமல் புத்தகத்தை மூடக்கூடாது. என் வகுப்பில் இது சட்டம். யுத்தம், பூமியதிர்ச்சி, பஞ்சம் என்று 24-இல் அடையாளங்கள் வருகின்றன. யுத்தச் செய்தி கேட்டால் கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்பதும் அங்கேயே இருக்கிறது. டி.வி.யில் ஏவுகணை பறக்கும்போது அந்த வசனத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். அந்த அதிகாரம் முடிவது இரண்டு ஊழியக்காரரில். ஒருவன் எஜமான் வரும்வரை வீட்டாருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு போடுகிறான். மற்றவன் எஜமான் வர நாளாகும் என்று உடன்வேலைக்காரரை அடிக்கிறான். 25-இன் கடைசியில் ராஜா கேட்கிற கணக்கு பசி, தாகம், அந்நியன், வஸ்திரம், வியாதி, காவல். இதை வாசித்த வாரமே ஒன்றைச் செய்யுங்கள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோவதென்றால் பஸ் காசும் ஒரு தூக்குச்சட்டியும் போதும்.

மிருகத்தின் முத்திரை என்கிற 666 பற்றிக் கேட்காமல் யாரும் வகுப்பைவிட்டுப் போவதில்லை. முன்பு பார்கோடுதான் அது என்றார்கள், பிறகு ஆதார், பிறகு தடுப்பூசி. வெளிப்படுத்தின விசேஷம் 14-ஆம் அதிகாரம் அந்த முத்திரையை மிருகத்தை வணங்குவதோடு சேர்த்தே பேசுகிறது. கைரேகை வைக்கப் பயந்துகொண்டே கந்துவட்டிக்கு விடுகிறவர் எந்த ராஜாவை வணங்குகிறார் என்று நான் கேட்டதுண்டு. அவர் அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை.

பிள்ளைகளை இதை வைத்து மிரட்டவே மிரட்டாதீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டில் அம்மாவைக் காணோம் என்றதும் விசுவாசிகள் மட்டும் எடுத்துக்கொள்ளப்படும் இரகசிய வருகையில் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அழுத பிள்ளைகள் நம் சபைகளில் உண்டு. ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றிப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய அந்தப் பகுதி, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் முடிகிறது. பிள்ளை அழுதால் நாம் சொன்ன விதத்தில் கோளாறு.

இனி அன்றாட வேலை. 1780 மே 19 அன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. காட்டுத்தீயின் புகை அது. அன்று யாருக்கும் தெரியாது. நியாயத்தீர்ப்பு வந்துவிட்டதென்று நினைத்து, கனெக்டிகட் சட்டமன்றத்தில் கூட்டத்தை ஒத்திவைக்கப் பார்த்தார்கள். ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்தார். அந்த நாள் இல்லையென்றால் ஒத்திவைக்கக் காரணம் இல்லை, அந்த நாள்தான் என்றால் என் கடமையைச் செய்கிறவனாகவே காணப்பட விரும்புகிறேன், மெழுகுவர்த்தி கொண்டுவாருங்கள் என்றார். வேலையை விட்டு ஊழியத்துக்குப் போகட்டுமா என்று கேட்கிற வாலிபரிடம் நான் இதைத்தான் சொல்வேன். வருகையின் பேரில் வேலையை விட்டவர்களுக்குப் பவுல் எழுதியது இன்னும் காரமானது: வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது.

கடைசியாகப் பணம். எரேமியா 32-ஐ எடுங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன தீர்க்கதரிசி எரேமியா காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் அவர் ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார், விலை 17 சேக்கல் வெள்ளி. அந்த விற்பனையை எப்படி எழுதி வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள்: வெள்ளியைத் தராசில் நிறுக்கிறார், பத்திரத்தில் கையெழுத்து, சாட்சிகள், முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். அழிவு நிச்சயம் என்று ஊரிலேயே அதிகம் அறிந்தவர் அவர். பத்திர வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்தவரும் அவரே. இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் கொள்ளப்படும் என்று தேவன் சொன்னதை அவர் கையெழுத்துப் போட்டு நம்பினார்.

ஆகவே வருகை சமீபம் என்று பாலிசியைப் பாதியில் சரண்டர் செய்யாதீர்கள், கட்டினதில் நஷ்டம்தான் மிஞ்சும். நாமினி பெயரை எடுத்துப் பாருங்கள். செத்துப்போன அப்பாவின் பெயர் இன்னும் இருக்கிற பாலிசிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கைமாற்று வாங்கியிருந்தால் யாருக்கு எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். உயிலும் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள், நம் கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் அவருடைய பங்கு செல்லாமல் போகும். உயில் எழுதினவருக்கு அதற்கு அப்புறம் கல்யாணம் ஆனால் பழைய உயிலே ரத்து. புதிதாக எழுத வேண்டும்.