சுரங்கத்தில் மழைநீர்: குட்டையை மட்டும் நம்பினால் போதுமா?

திறந்தவெளிச் சுரங்கத்தில் மழைநீர் மேலாண்மை என்றதும் பலரும் தாழ்வான மூலையில் ஒரு வண்டல் குட்டையை வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மண் கரைந்து வந்தாலும் குட்டையில் படிந்துவிடும் என்பது கணக்கு. பருமணலுக்கு இது சரி. ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் தேங்கிய நீரில் ஒரு மீட்டர் இறங்கச் சில நொடிகள் போதும். ஆனால் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) களிமண் துகளுக்கு அதே தூரம் இறங்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்து எல்லாவற்றையும் கலக்கி வெளியே தள்ளிவிடும். ஆகவே மண்ணை அது இருக்கும் இடத்திலேயே பிடித்து வைப்பதுதான் முதல் வேலை. தப்பி வந்ததைப் பிடிக்கத்தான் குட்டை.

நான் மிகப் பெரிய தவறாகக் கருதுவது, வெளியிலிருந்து வரும் நீரை உள்ளே விடுவது. சுரங்கத்துக்கு மேட்டுப்பக்கம் உள்ள நிலத்தில் விழும் மழை சுத்தமான நீர். அது தோண்டிய நிலத்தில் இறங்கினால் சேறாகிவிடும், குட்டைக்கும் பாரம் கூடும். மேட்டு ஓரத்தில் முன்கூட்டியே ஒரு திசைதிருப்பும் வாய்க்கால் வெட்டி, அந்த நீரைச் சுற்றிக் கொண்டுபோய் இயற்கை ஓடையில் விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தோண்டத் தொடங்கிய பிறகு வாய்க்காலைப் பற்றி யோசிப்பதால்தான் பல இடங்களில் முதல் மழையே நாசம் செய்கிறது. வாய்க்காலின் சரிவு அதிகமாக இருந்தால் அதுவே அரித்துப் பள்ளமாகும். அங்கே பாறைக்கற்களைப் பதிக்க வேண்டும், இல்லையென்றால் சிறு தடுப்புகள் வைக்க வேண்டும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருப்பது முக்கியம். மறந்தால் நீர் ஓரமாகச் சுற்றிப் போய்க் கரையைத் தின்னும்.

அடுத்தது கழிவு மண் மேடு. டிப்பர் கொட்டிய மண் தானாக நிற்கும் சரிவு ஏறக்குறைய 37 பாகை. அதை அப்படியே விட்டால் புல்லும் பிடிக்காது, மண்ணும் நிற்காது. சரிவைக் குறைத்து, நீளமான சரிவை இடையிடையே படிகளாக உடைக்க வேண்டும். அந்தப் படிகள் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் மேலிருந்து வரும் நீரெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி ஆழமான பள்ளம் அறுக்கும். உட்பக்கம் லேசாகச் சாய்த்து, சேரும் நீருக்குக் கல் பதித்த இறங்குபாதை கொடுங்கள். மேட்டின் உச்சியில் நீர் குளம்போல் நிற்கவும் விடக்கூடாது. ஒருநாள் உடைத்துக்கொண்டு இறங்கும்.

வண்டிப்பாதையைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டயர் ஏறி ஏறி மாவாகும் மண் ஒவ்வொரு மழையிலும் கரைந்து ஓடும். பாதைக்கு ஒரு பக்கச் சாய்வும் ஓரக் கால்வாயும் வேண்டும். பாதுகாப்புக்காகப் போடும் ஓரக் கரையில் நீர் வெளியேற வழி விடாவிட்டால் பாதையே ஓடையாக மாறிவிடும்.

வண்டல் தடுப்புத் துணியை ஓடைக்குக் குறுக்கே கட்டுவதும் வழக்கமாக நடக்கும் தவறுதான். அது சரிவில் பரவலாக வரும் மெல்லிய ஓட்டத்துக்கு மட்டும். அடிப்பகுதியை மண்ணில் புதைக்காமல் விட்டால் நீர் அடியில் புகுந்து போய்விடும், துணி சும்மா நிற்கும்.

சரி, குட்டைக்கு வருவோம். நீர் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் அருகருகே இருந்தால் குட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீர் குறுக்குவழியில் ஓடிவிடும். இரண்டையும் எதிரெதிர் முனைகளில் வையுங்கள், நீளம் அகலத்தைவிட இரு மடங்காவது இருக்கட்டும். நுண்துகளைப் படிய வைக்க ஆழத்தைவிடப் பரப்பளவுதான் உதவும். பெருமழைக்குக் கலிங்கு (மிகுநீர் வழிந்தோடும் வழி) இல்லாத கரை உடையத்தான் செய்யும். வண்டலுக்கென ஒதுக்கிய இடம் பாதி நிரம்பியதுமே தூர்வார வேண்டும். களிமண் அதிகமுள்ள இடத்தில் துகள்களைத் திரட்டும் மருந்து இல்லாமல் நீர் தெளியாது.

மேல்மண்ணைக் கழிவோடு கலந்துவிட்டால் பிறகு எதை விதைத்தாலும் முளைப்பது கடினம். தனியாக, தாழ்வான குவியலாக வைத்து, உடனே புல் விதையுங்கள். பாறையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் விஷயம் இன்னும் தீவிரம். காற்றும் நீரும் பட்டதும் அமிலம் உருவாகி உலோகங்களைக் கரைக்கும். அந்த நீர் கண்ணாடிபோல் தெளிவாகவே தெரியலாம். அதனால் கலங்கலை மட்டும் பார்க்காமல் அமிலத்தன்மையையும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அளந்து பார்க்க வேண்டும்.