குடவோலையை வைத்துக் கட்டுரை எழுதுவது எப்படி?

கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். குடவோலை என்பது, தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஓலையை எடுத்து ஊர் வாரியத்துக்கு, அதாவது நிர்வாகக் குழுவுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த சோழர் கால முறை. ‘சோழர் கால ஊராட்சி’ என்று அசைன்மென்ட் கொடுத்தால் போதும், பாதிப் பேர் ‘உலகுக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தவன் தமிழன்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்காக மார்க் குறைப்பதில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ‘யாருக்கு?’ என்று எழுதிவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலே கட்டுரை கிடைத்துவிடும்.

முன்னுரையை இப்போதைக்கு விடுங்கள். முதலில் சான்றைப் படியுங்கள். உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, 919இல் ஒன்று, 921இல் ஒன்று. நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ‘உள்ளே யார்’, மறுபக்கம் ‘வெளியே யார்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். கல்வெட்டு சொல்லும் ஒவ்வொரு விதியையும் ஏதாவது ஒரு பக்கத்தில் போடுங்கள்.

வாரியத்துக்கு வர, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது சுமார் ஒன்றரை ஏக்கருக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கூடுதலாகப் படித்தவருக்கு அரைக்கால் வேலி இருந்தாலே போதும் என்று 921இல் ஒரு சலுகையும் உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் வெளியே. இதையெல்லாம் எழுதி முடித்ததும் ஒன்று புரியும்: இது பிராமணருக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. மற்ற ஊர்களில் ‘ஊர்’ என்ற அவை இருந்தது, வணிகருக்கு ‘நகரம்’ இருந்தது. ஆக, ‘கிராம மக்கள் அனைவரும் வாக்களித்தனர்’ என்ற வரியை அடித்துவிடலாம்.

அதற்காக, ‘எல்லாம் வெறும் பெருமைப் பேச்சு’ என்று மறுபக்கம் சாய்வதும் சோம்பேறித்தனம்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மட்டுமா விலக்கினார்கள்? அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவுகளையும் சேர்த்து விலக்கினார்கள். பினாமியாக யார் வருவார் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! சமூகம் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டுமா, இந்த உறவுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒன்றும் அறியாத சிறுவனை அழைத்ததும் இதே சந்தேகத்தால்தான் என்று வாதிடலாம்.

அப்புறம் இலக்கியம். சங்க காலத்திலேயே குடவோலை இருந்தது என்பதற்கு அகநானூறு 77ஆம் பாட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: ‘கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார் / பொறிகண் டழிக்கும் ஆவண மாக்களின்’. வரியை மட்டும் காட்டிவிட்டு ஓடாமல், பாட்டு முழுவதையும் படியுங்கள். மருதன் இளநாகனார் பாடிய பாலைத்திணைப் பாட்டு அது. போரில் செத்துக் கிடக்கும் வீரனின் குடலைச் செஞ்செவி எருவை (சிவந்த காதுள்ள கழுகு) பிடுங்கி இழுக்கிறது. அதற்கு உவமைதான், கயிறு கட்டிய குடத்தின் முத்திரையை உடைத்து ஓலையை எடுக்கும் ஆட்கள். தேர்தல் என்ற பேச்சே அதில் இல்லை. குடத்தில் ஓலையை இட்டு, கட்டி, முத்திரை வைக்கும் பழக்கம் கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் துணிந்து எழுதலாம். உவமையைச் சான்றாக்கும்போது அதற்குமேல் போகாதீர்கள்.

இப்போது முன்னுரை. உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: ‘உத்திரமேரூர் விதிகள், நிலமும் கல்வியும் உள்ள சிறு கூட்டம் தன் ஆட்களையே நம்பாமல் போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள்’ என்பதுபோல. எனக்கு இது பிடிக்கும், உங்களுக்கு வேறொன்று தோன்றினால் சரி, கல்வெட்டு இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு வரும் ஒவ்வொரு பத்தியும் அந்த வாக்கியத்துக்கு வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

முடிவுரைக்கு, தீராத ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம். 919இல் வயது 30 முதல் 60 வரை, 921இல் 35 முதல் 70 வரை. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? உங்கள் ஊகத்தை ‘ஊகம்’ என்று சொல்லியே ஒரு பத்தி எழுதி நிறுத்துங்கள். பக்கம் நிரப்ப ராஜராஜனை இழுத்துவர வேண்டாம், அவன் பட்டத்துக்கு வந்ததே 985இல்.